எட்டாம் மாடியின் சிவப்புப் புள்ளி

மார்ச் 4

எங்கள் கட்டடத்தையே கம்ப்யூட்டருக்குள் கட்டிவைத்திருக்கிறாள் பேத்தி. தீப்பிடித்தால் யார் எப்படி இறங்குவார்கள் என்று ஓட்டிப் பார்ப்பதுதான் அவள் வேலை. ஆளுக்கொரு புள்ளி. எட்டாம் மாடியில் ஒரு சிவப்புப் புள்ளி நத்தையாக நகர்ந்தது. அதற்குப் பின்னால் படிக்கட்டே அடைத்துக்கொண்டது.

“யாருடி அது?”

“நீதான் பாட்டி.”

மருமகளின் புள்ளி எப்போதோ வாசலைத் தாண்டிவிட்டது. சரியாகத்தான் போட்டிருக்கிறாள்.

மார்ச் 5

இங்கே குடிவந்த அன்று மருமகள் தன் அக்காவிடம் சொன்னாள்: “சாமானோட சுமையும் சேர்ந்து வருது.” கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். அன்றிலிருந்து நேர்ப்பேச்சு கிடையாது. சுவரிடம் சொல்வேன், அவள் கேட்டுக்கொள்வாள்.

மார்ச் 11

இப்போது நான் இறங்கவே கூடாதாம். படியை ஒட்டி, புகை நுழையாத கதவு போட்ட அறை இருக்கிறது. அதில் உட்கார வேண்டும். தீயணைப்புக்காரர் வந்து தூக்கிப்போவாராம். அப்படி ஓட்டினால் கம்ப்யூட்டரில் எல்லாரும் தப்பிக்கிறார்கள்.

எல்லாரும் போயிடுவாங்க. நான் மட்டும் குந்தியிருக்கணும். யாரும் வரலேன்னா?

மார்ச் 19

ஒத்திகை. அறையில் உட்கார்ந்தேன். திடீரென்று படியில் ஒரே கூச்சல். யாரோ கூட்டத்தை இடித்துக்கொண்டு ஏறி வருகிறார்கள். கதவு திறந்தது — மருமகள்! மூச்சிரைக்க, ஒரு காலில் செருப்பில்லாமல்.

பின்னாலேயே பேத்தி. “ஏம்மா, மூணு மாடி ஜனத்தையும் மறிச்சுட்டியே!”

“அத்தையை விட்டுட்டு எப்படிடி போறது?”

பேத்தி தலையில் கைவைத்தாள். யாரும் யாருக்காகவும் திரும்பி ஏற மாட்டார்கள் என்றுதான் கணக்குப் போட்டிருந்தாளாம்.

நானும் அப்படித்தானே போட்டிருந்தேன்?

மார்ச் 24

அறையில் போன் வைத்துவிட்டார்கள். குரல் கேட்டால் யாரும் ஏறி வர மாட்டார்களாம். பார்ப்போம்.

ஏப்ரல் 2

நிஜப் புகை. நான்காம் மாடி மின்சாரப் பெட்டி. மருமகள் கடைக்குப் போயிருந்தாள். நான் அறைக்குள். வெளியே பிள்ளைகள் அழுதுகொண்டே இறங்கும் சத்தம். கதவிடுக்கில் கருகல் வாடை — நுழையாதுன்னாளே?

போன் அடித்தது. “அத்தை! வாசல்ல நிக்கிறேன். ஏறி வரேன்!”

“வராதடி! பிள்ளைங்க இறங்குது. நீ ஏறினா அடைச்சுக்கும். நான் நல்லாத்தான் இருக்கேன்.”

எங்கே நல்லா இருந்தேன். போனை நான் வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. தீயணைப்புக்காரர் கதவைத் தட்டும்வரை இருவரும் மூச்சு விடுவதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஏப்ரல் 3

காலையில் காபி. “சர்க்கரை போதுமா அத்தை?”

“எங்க போதும்? இன்னொரு கரண்டி போடு.”

பேத்தி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.