துண்டுக்குள் தூங்கிய கை

அன்புள்ள செல்வம்மாளுக்கு,

செவ்வாயன்று பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டுக்கு விலை பேசும்போதே தூங்கிவிட்டேன். நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? உன் முழங்கால் வலி தேவலையா? போனில் சொன்னால் பாதியிலேயே அழுவாய், அதனால் எழுதுகிறேன்.

துண்டால் மூடிக்கொண்டு விரலைப் பிடித்துத்தானே விலை சொல்லுவோம். வண்டியில் சாய்ந்து நின்றவன் அப்படியே கண் அயர்ந்துவிட்டேன். விரல் அசையாததைப் பிடிவாதம் என்று நினைத்து, வாங்க வந்தவர் தானே விலையை ஏற்றியிருக்கிறார். "ஏனுங்க காரைக்கால்காரரே, உங்க நெஞ்சு கல்லுங்களா?" என்று அவர் கத்தியபோதுதான் விழித்தேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அடுத்த முறை தூக்கத்தில் எந்த விரலைக் காட்டுவேனோ.

கோயம்புத்தூர் டாக்டரம்மா தூக்கம், அரிப்பு, அசதி என்று எப்போதும் கேட்பார்கள். நானும் 'பரவாயில்லை' என்றே சொல்லிவந்தேன். இந்தத் தடவை, அரிப்பில் ராத்திரி கண்ணே மூட முடியவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். தோலில் வந்த இந்தப் புற்று யாருக்கும் ஒட்டாதாம். அசதியும் நோயில் சேர்த்திதான், சோம்பேறித்தனம் இல்லை என்றார்கள்.

புதுத்துணி பட்டால் அரிக்கிறது, பழைய பருத்தி வேட்டி இரண்டு கொடுத்தனுப்பு. நீளக் காம்புள்ள மரக்கரண்டி ஒன்றும் வேண்டும். முதுகில் களிம்பு தடவக் கை எட்டவில்லை.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் லாரி கிளம்பப்போகிறது. கூட்டாளி அமலனிடம் பேசி முடித்தது இதுதான்: மாட்டைப் பார்த்துச் சொல்வது நான், துண்டுக்குள் கை விடுவது அவன். மாதத்தில் பதினைந்து நாள் நான் காரைக்காலில் உன்னோடு வீட்டில் இருப்பேன். கரண்டி மீதிப் பதினைந்து நாளுக்கு மட்டும்.

சந்தனசாமி