விடிகாலையில் போகும் கேபிள் சிக்னலைச் சரிசெய்ததற்காகத் துண்டிக்கப்பட்ட இணைப்பு

அனுப்புநர்
தே. ஞானதீபம்,
க/பெ. தேவபிரசாதம்,
கடற்கரைச் சாலைப் பின்தெரு,
தூத்துக்குடி.

பெறுநர்
தனி வட்டாட்சியர் அவர்கள்,
கேபிள் டிவி பிரிவு,
தூத்துக்குடி.

பொருள்: பழுது நீக்கிய ஜாயின்டைச் சேதப்படுத்தியதாக எழுதி இணைப்பைத் துண்டித்தது – விசாரித்துத் திரும்ப வழங்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

10.01.2026 சனிக்கிழமை விடிகாலை எங்கள் வீட்டுக் கூரையோரத்துக் கேபிள் ஜாயின்டைப் பிரித்தபோது இருந்தவர்கள்: ஸ்டூலின் மேல் நான், ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டு பானுப்ரியா, வாசலில் நாற்காலியில் என் கணவர். பிரித்தது நான்தான். அதை மறைக்க எனக்குக் காரணம் இல்லை.

1. என் கணவர் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டியவர். ஆலயப் பாடகர் குழுவில் பேஸ் என்னும் அடிக்குரல். பக்கவாதத்துக்குப் பின் பேச்சு வரவில்லை. கர்த்தருடைய கிருபையால் பாட்டு மட்டும் வருகிறது. ஞாயிறு விடிகாலை ஆராதனையை உள்ளூர் சேனலில் பார்த்து, குழுவோடு சேர்ந்து பாடுவார். சிக்னல் போனால் பாதி அடியில் நின்றுவிடுவார். பிறகு அவராகப் பாட்டை எடுக்க முடியாது.

2. மார்கழி பிறந்ததிலிருந்து விடிந்ததும் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். வெயில் ஏறியதும் தானே வரும். கேபிள் உரிமையாளர் திரு. காசிலிங்கம் அனுப்பும் ஷாம் மதியம்தான் வருவார். அப்போது ஒரு குறையும் இராது. "யக்கா, டிவிதான் பழசு, மாத்திருங்க" என்பார். விடிகாலை வரச் சொன்னதற்கு, "அந்நேரம் சேவலும் நீங்களுந்தான் முழிச்சிருப்பிய" என்று சிரித்துவிட்டுப் போனார்.

3. ஆகவே நானே ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தேன். எங்கள் டிவியும் செட்டாப் பாக்ஸும் பானுப்ரியா வீட்டில் விடிகாலையிலும் ஒழுங்காக ஓடின. அவர்களுடையவை எங்கள் வீட்டில் நின்றுபோயின. வீட்டுக்குள் உள்ள வயரை மாற்றியும் தீரவில்லை. மிச்சம் வெளியே உள்ள ஜாயின்ட்தான்.

4. உப்புக் காற்றுக்குப் பயந்து இங்கே பூட்டு, சுவிட்சுப் பெட்டி எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் பை சுற்றிக் கட்டுவோம். ஜாயின்டையும் அப்படித்தான் கட்டியிருந்தார்கள். அவிழ்த்தால் உள்ளே பனி நீர் கோத்து நின்றது. செம்புக் கம்பி பச்சை பிடித்திருந்தது. காற்றைத் தடுத்த பை ஈரத்தையும் வெளியே விடவில்லை. வெயிலில் காய்ந்தபின் வருகிறவருக்கு இது எப்படித் தெரியும்? கெட்ட நுனியை வெட்டி, புதுக் கனெக்டர் திருகி, ஜாயின்டுக்கு முன்னால் வயரைத் தொங்கலாக வளைத்துவிட்டேன். வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். மறுநாள் ஆராதனையில் ஒரு தடங்கல் இல்லை. என் கணவர் கடைசிப் பாட்டின் ஆமென் வரை பாடினார். "அண்ணாச்சி குரலு எங்க அடுக்களை வரைக்கும் கேட்டுச்சுக்கா" என்றாள் பானுப்ரியா.

5. திங்களன்று திரு. காசிலிங்கம் வந்து, "கம்பெனிப் பொருள்ல கை வச்சது யாரு?" என்றார். நான் என்றேன். "வாடிக்கையாளர் சேதப்படுத்தினார்" எனத் தம் பதிவேட்டில் எழுதி, இணைப்பை அறுத்துவிட்டுப் போனார். கட்டணப் பாக்கி ஏதும் இல்லை. ரசீது நகல்கள் இணைத்துள்ளேன். 18ஆம் தேதி ஞாயிறன்று என் கணவர் வெள்ளைச் சட்டை போட்டு டிவி முன் உட்கார்ந்திருந்தார். பாடவில்லை.

அனுமதியின்றித் தொட்டது முறையல்ல என்றால், அதற்கு உரியதை ஏற்கிறேன். சேதம் என்ற சொல்லை ஏற்கமாட்டேன். ஷாம் மீது எனக்குப் புகார் இல்லை. வரும் ஞாயிற்றுக்கு முன் இணைப்பைத் திருப்பித் தரவும், அந்த எழுத்தைப் "பழுது நீக்கப்பட்டது" எனத் திருத்தவும் உத்தரவிட வேண்டுகிறேன். அதன்பின் தங்கள் அலுவலர் ஒருவர் வெயில் ஏறும் முன் வந்து என் வேலையைச் சோதித்துப் பார்க்கட்டும். ஸ்டூல் தருகிறேன்.

விரைவில் பதில் எழுதுங்கள்.

இடம்: தூத்துக்குடி
நாள்: 20.01.2026

இப்படிக்கு,
தே. ஞானதீபம்