கோடு போட்டு அடித்த பெயர்

நவம்பர், புதன்கிழமை

செம்பூர் ஆபீசில் இந்த வாரம் எனக்கு வந்த வேலை, இங்கிலாந்துக் கிராமம் ஒன்றின் பழைய சர்ச் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. முதல் உலகப் போருக்குப் போன அந்த ஊர் ஆண்களின் பெயர்கள், பாதிரியார் கையால் எழுதியவை. அவற்றை இப்போது நினைவுக் கல்லில் வெட்டப் போகிறார்களாம்.

இன்று வந்த பக்கத்தில் ஒரு பெயரைக் கோடு போட்டு அடித்திருந்தார்கள். தாமஸ், ஏர் உழுபவன், வயது பத்தொன்பது. ஓரத்தில் சின்ன எழுத்தில், ‘படையை விட்டு ஓடி வந்தவன்.’

“அடிச்சத விடுங்கக்கா. அடுத்த பக்கம் போங்க, டார்கெட் இருக்கு” என்றான் டீம் லீடர் முருகேஷ்.

“போனவங்க பேருன்னுதான தலைப்பு போட்டிருக்கு? இவனும் போனவன்தான.”

“கிளையண்ட் கேட்டா யாரு பதில் சொல்றது?”

“நான் சொல்லுதேன்.”

பெயரை ஏற்றினேன். அடித்திருந்ததையும் குறித்தேன். இவரையும் கல்லில் சேர்க்க வேண்டும் என்று அந்தச் சர்ச்சுக்கு மெயில் எழுதினேன். முருகேஷ் பின்னால் நின்று படித்தான். ஒரு ஸ்பெல்லிங்கைத் திருத்திவிட்டு, “அனுப்புங்க” என்றான்.

ரயிலில் வரும்போது அண்ணன் நினைவாகவே இருந்தது. அவனும் பட்டாளத்திலிருந்து பாதியில் வந்தவன். ஏன் வந்தாய் என்று இத்தனை வருடத்தில் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. அப்பா அவனுடைய சீருடைப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றியபோது நானும் பேசாமல்தான் நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சீத்தா கேம்ப் குடியிருப்பில் இருக்கும் அவன் வீட்டுக்குப் போகிறேன். அவன் பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. கேட்டுவிட வேண்டும்.