குவாரிச் சுவரில் ஒரு வல்லூறு

அன்பு மகள் பிரியோனிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், என் மனசைப் பற்றி மட்டும் அப்படிச் சொல்ல முடியவில்லை. கிளாஸ்கோவில் குளிர் தொடங்கிவிட்டதா? இங்கே வசந்தம் வந்து, மலையெல்லாம் வேல மரங்கள் மஞ்சளாய்ப் பூத்து, அப்பா தும்மித் தீர்க்கிறார்.

நம் மலையின் பின்பக்கக் கல்குவாரி நினைவிருக்கும், அந்தக் காலத்தில் பெரிய மரங்களை வெட்டித் தீர்த்தார்கள், பிறகு கல்லுக்காக மலையையே குடைந்தார்கள், அங்கே வெடி வைத்தவர் உன் அப்பா, அதை மூடச் சொல்லிப் பதாகை பிடித்தவள் நான், ஒரே வீட்டில் எப்படித்தான் குடித்தனம் நடத்தினோமோ. மலை காப்புக்காடான பிறகும் அந்தப் பள்ளம் வாய் பிளந்தே கிடந்தது. இப்போதுதான் மேல்விளிம்பு வரை மண் கொட்டி, இந்த மண்ணுக்கே உரிய யூகலிப்டஸ் நட நகராட்சி ஒத்துக்கொண்டது. நான் சந்தோஷத்தில் கேக் சுட்டேன். மறுநாளே அப்பா மூச்சிரைக்க வந்து, "மெர்ல், நான் வெடி வச்ச சுவர்ல வல்லூறு குஞ்சு பொரிச்சிருக்கு, வந்து பாரு" என்கிறார். போய்ப் பார்த்தேன், பஞ்சுருண்டை மாதிரி மூன்று. குஞ்சுகள் பறந்த பிறகு நிரப்பட்டுமே என்றேன். "அடுத்த வருஷம் கூடு வைக்க அது எங்க போகும்? இந்த மலைல இருந்த ஒத்தச் செங்குத்துப் பாறையையும் நாங்கதானே ஒடைச்சோம்" என்றார்.

நகராட்சி முடிவை எங்கள் மலைக்குழுவிடமே விட்டது. கூட்டத்தில், சுவரை விட்டுவிட்டு அடித்தளத்தில் மட்டும் மரம் நடலாம் என்பதற்குக் கை தூக்கச் சொன்னபோது என் கை தானாக உயர்ந்தது. அந்தக் காலத்தில் என்னோடு பதாகை பிடித்த நெரிடா எல்லார் முன்னாலும், "ஏண்டி, புருஷன் பேச்சுக்கு ஆடுறியா? இதுக்கா இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்துனோம்?" என்று கேட்டாள். ஒரே ஓட்டு வித்தியாசத்தில் சுவர் பிழைத்தது. இப்போது அவள் ரொட்டிக்கடையில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், அவள் சொன்னது தப்பென்றும் எனக்குத் தோன்றவில்லை. அப்பாவாவது சிரிப்பார் என்று பார்த்தால், "நீ ஜெயிச்சியா தோத்தியா, எனக்கே புரியல மெர்ல்" என்கிறார்.

நேற்று குவாரிக்குள் கன்று நடக் குனிந்தேன், அந்தத் தாய்ப்பறவை பாய்ந்து வந்து என் தொப்பியைத் தட்டிவிட்டது. அதற்கும் நான் எதிரிதான். ஆனாலும் குழியைத் தோண்டி முடித்துவிட்டுத்தான் வந்தேன்.

எங்கிருந்தாலும் நீ நிம்மதியாக, நிறைவாக வாழ வேண்டும், கண்ணே. அப்பாவோடு பேசும்போது சத்தமாகப் பேசு, வலது காது இப்போது சுத்தமாகக் கேட்பதில்லை, கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

யார் பக்கம் என்று தெரியாமல் நிற்கும் உன் அம்மா,
மெர்ல்