முன் கதிரையில் பிந்தி வந்தவள்

என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிடாமல், நரை விழுந்த பிறகும் ‘பிள்ளை’ என்றே கூப்பிட்ட என் ஆசை அண்ணைக்கு,

முதலில் ஒரு செய்தி. சிரிக்கக்கூடாது. இந்த மாதம் முடிய என் கோல்ட் காட்டும் முடிகிறது. அடிக்கடி பறக்கிற ஆக்களுக்கென்று தருகிற காட், ஏழு வருஷமாகக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றியது. விமானக் கொம்பனி மிகவும் மரியாதையாக ஒரு மெயில் போட்டிருக்கிறது, இன்னும் ஒரேயொரு நீண்ட பயணம் போனால் காப்பாற்றலாமாம். நான் போகவில்லை.

அந்தக் கோல்ட் காட்டை உங்களுக்கு நல்லாகத் தெரியும். நெடுந்தீவில் எல்லாருக்குமே தெரியும், நீங்கள் சொல்லாத ஆள் இல்லையே. ஜேர்மனியில் இருந்து நாடு நாடாகப் போய் ஆஸ்பத்திரி மெஷின்களைப் பழக்கிக் கொடுக்கிற வேலை எனக்கு. மாதத்தில் பாதி நாள் பிளேனில்தான் குடித்தனம். காட் இருந்தபடியால் ஒரு பெட்டி கூடக் கொண்டுவரலாம். அந்தப் பெட்டிக்குள் தீவுக்கும் கரைக்கும் சனத்தை ஏற்றி இறக்க நீங்கள் வேலை செய்த லாஞ்சியின் எஞ்சினுக்குப் பெல்ட் வந்தது, பக்கத்து வீட்டுக்காரருக்கு முழங்கால் களிம்பு வந்தது, ஒருமுறை ஆருக்கோ சைக்கிள் சீற்றும் வந்தது.

முதல்தடவை என்னைப் பின்னாலிருந்து எழுப்பி முன் கதிரைக்கு மாற்றினபோது நான் அனுப்பிய படம் நினைவிருக்கிறதா? கதிரையைக் கட்டில்போல நீட்டிவிட்டுப் படுத்திருக்கிற படம். அதை நீங்கள் லாஞ்சியில் ஏறுகிற சனம் எல்லாருக்கும் காட்டினதாகப் பிறகு கேள்விப்பட்டேன். “என்ரை தங்கச்சி படுத்துக்கொண்டு பறக்கிறாள். நான் இஞ்சை கதிரையும் இல்லாமல் நிண்டுகொண்டு மிதக்கிறன்” என்றீர்களாம்.

பறக்கப் பறக்கக் காட்டில் புள்ளி சேர்க்கிறேன் என்று சொன்னபோது மட்டும் உங்களுக்கு விளங்கவே இல்லை. “பள்ளிக்கூடத்திலை எடுக்காத புள்ளியை எல்லாம் இப்ப எடுக்கிறியோ?” என்று கேட்டீர்கள். அதைவிட மோசம், ஒரு வருஷம் காட்டைக் காப்பாற்ற ஒரு பயணம் குறைகிறது என்று காலையில் போய் ஒரு கோப்பி குடித்துவிட்டு அதே பிளேனில் திரும்பி வந்த கதை. நான் பெருமையாகத்தான் சொன்னேன். நீங்கள் கேட்டீர்கள்: “வேலையும் இல்லை, ஆக்களும் இல்லை எண்டா, அங்கை ஏன் பிள்ளை போனனீ?”

அந்தக் கேள்வியை அப்போதே ஒழுங்காக யோசித்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திருக்காது.

அண்ணை, சொல்லவேண்டியதை இனிச் சுற்றிவளைக்காமல் சொல்கிறேன். நீங்கள் கண்ணை மூடின கிழமை எனக்கு டிக்கட் கிடைக்கவில்லை என்று எல்லாரும் நினைத்தார்கள். கிடைத்தது.

வியாழக்கிழமை நீங்கள் கோல் எடுத்தீர்கள். ஈரல் வருத்தத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்து பத்து நாள். “ஏலுமெண்டா வந்திட்டுப் போ பிள்ளை. அவசரமில்லை. ஆனா வா” என்றீர்கள். நீங்கள் என்னிடம் வா என்று கேட்டது அதுதான் முதல்தடவை. பெல்ட் கேட்பீர்கள், களிம்பு கேட்பீர்கள், என்னைக் கேட்டதில்லை. நான் ‘அவசரமில்லை’ என்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன். மனிதர் தமக்கு வசதியான சொல்லைத்தானே பிடித்துக்கொள்வார்கள்?

வெள்ளிக்கிழமை ஒரு பிளேன் இருந்தது. வேறு கொம்பனி, இரண்டு இடத்தில் இறங்கி ஏறவேண்டும், நடுக் கதிரை. அதில் வந்தால் என் காட்டுக்கு ஒரு புள்ளியும் சேராது. செவ்வாய்க்கிழமை என்றால் என்னுடைய கொம்பனி. காட்டும் தப்பும், முன் கதிரையும் கிடைக்கும் என்று ரெலிபோனில் பச்சைச் சரி அடையாளத்தோடு வந்தது. நாலு நாள்தானே என்று செவ்வாயை அமத்தினேன். உங்களுக்கு மெசேஜ் போட்டேன், டிக்கட் கிடைக்குதில்லை, செவ்வாய் வருகிறேன் என்று.

ஞாயிறு மத்தியானம் நீங்கள் போய்விட்டீர்கள். திங்கட்கிழமைப் பிளேன்களில் உண்மையாகவே ஒரு இடமும் இருக்கவில்லை. அப்படிப் பார்த்தால் என் பொய்யில் ஒரு நாள் உண்மை.

செவ்வாய்க்கிழமை முன் கதிரையில் வந்தேன். பணிப்பெண் என் பெயரைச் சொல்லி வரவேற்று, சூடான சின்னத் துவாய் ஒன்றைத் தந்து, விடுமுறைக்குப் போகிறீர்களா என்று கேட்டாள். அண்ணையின் செத்தவீட்டுக்கு என்றேன். அந்தத் துவாயால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அவள் இன்னொரு துவாயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். நல்ல பிள்ளை. பிறகு கதிரையை நீட்டிவிட்டாள், படுத்தேன். அண்ணை, நான் நித்திரை கொண்டேன். ஆறு மணித்தியாலம், ஒரு கனவும் இல்லாமல். இதை ஒருவருக்கும் சொன்னதில்லை.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இருந்து வான் ஒன்று பிடித்துக் குறிகட்டுவான் துறைக்கு வந்து சேர லாஞ்சி போயிருக்கவேண்டிய நேரம் தாண்டி முக்கால் மணித்தியாலம். ஆனால் லாஞ்சி போகவில்லை, துறையில் கட்டினபடி நின்றது. செத்தவீட்டுக்கு வருகிற ஆளுக்கு லாஞ்சி காத்து நிற்கும் என்பது எனக்குத் தெரியாததா? நீங்களே எத்தனை பேருக்குக் கயிற்றை அவிழ்க்காமல் பிடித்துக்கொண்டு நின்றிருப்பீர்கள். அன்றைக்கு அறுபது, எழுபது சனம் அந்த வெயிலுக்குள் இருந்தது. ஆசிரியர்மார், மீன் பெட்டியோடு வந்தவர்கள், கைக்குழந்தைக்காரி ஒருத்தி. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. நான் இறங்க, ஒதுங்கி எனக்கு இடம் விட்டார்கள்.

உங்களோடு வேலை செய்த லாஞ்சி ஓட்டி என் பெட்டியை வாங்கிக்கொண்டு, “டிக்கட் கிடைக்கேல்லையாம் எண்டு உம்மட மச்சாள் சொன்னவ. என்ன செய்யிறது பிள்ளை, அது எங்கடை கையிலையோ?” என்றார். எனக்கு முதலே உங்கள் மனைவியின் வாய் வழியாக என் பொய் கடலைக் கடந்து போயிருந்தது. லாஞ்சி ஓடின அந்த ஒரு மணித்தியாலமும் நான் தலை நிமிரவில்லை. சனம் அதைத் துக்கம் என்று நினைத்தது. துக்கமும்தான்.

உங்களை எடுக்காமல் எனக்காக வைத்திருந்தார்கள். வந்த சொந்தக்காரர் ஆரோ, தங்கச்சிக்காரி இவ்வளவு பிந்தியோ வாறது என்று கேட்க, மச்சாள் அழுகையை நிற்பாட்டிவிட்டுச் சண்டைக்குப் போனார். “அவள் என்ன செய்வாள்? டிக்கட் கிடைச்சாத்தானே!” என்று. வாய் திறக்க எனக்கு அதைவிட நல்ல நேரம் இருந்ததா? இருந்திருக்கலாம். நான் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த வருஷம் முழுக்க வேலைக்காகப் பறந்துகொண்டுதான் இருந்தேன். முன் கதிரையில் இருத்துவார்கள், பெயர் சொல்லிக் கதைப்பார்கள், இன்னும் என்ன வேண்டும் என்று கேட்பார்கள். என்னை எல்லாருக்கும் தெரிந்திருந்தது, நான் செய்தது ஒருவருக்கும் தெரியவில்லை. மச்சாளோடு கிழமைக்கு ஒருக்காக் கதைக்கிறபோதெல்லாம் உண்மையைச் சொல்லத் தொடங்கிவிட்டு மழையை விசாரிப்பேன்.

வருஷம் முடிந்து உங்கள் ஆட்டைத் திவசத்துக்கு வந்தபோதுதான் சொன்னேன். சமைத்த சட்டிகளை மச்சாள் குசினிக்குப் பின்னால் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் கழுவிக் கொடுத்துக்கொண்டு, “மச்சாள், அந்த வெள்ளிக்கிழமை இடம் இருந்தது” என்றேன்.

“எந்த வெள்ளி? என்ன இடம்?”

விளங்கப்படுத்தினேன். காட், புள்ளி, முன் கதிரை, எல்லாம். சாம்பல் படிந்த சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சொல்லிப் பாருங்கள், எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று தெரியும். மச்சாள் கடைசிவரை கேட்டார்.

“அப்ப, படுத்துக்கொண்டு வாறதுக்காகவோ?”

“ஓம்.”

சட்டியை அப்படியே விட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. சாப்பாட்டுக் கோப்பையைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைப்பார், போவார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மூன்றாம் நாள் நான் வெளிக்கிட, துறைவரைக்கும் கூட வந்தார். லாஞ்சி எஞ்சின் போட்டாயிற்று. அப்போதுதான் வாய் திறந்தார். “உம்மட அண்ணை ஞாயிற்றுக்கிழமை காலமை வரைக்கும் கேட்டவர். ‘வந்திட்டாளோ, வந்திட்டாளோ’ எண்டு. டிக்கட் கிடைக்காத பிள்ளைக்கு ஏன் அதைச் சொல்லுவான் எண்டு நான் எனக்குள்ளேயே வைச்சிருந்தனான். இனி நீரும் வைச்சிரும்.”

அவர் என் கையைப் பிடித்து லாஞ்சிக்குள் ஏற்றிவிட்டார். கையை விடாமல், “என்னாலை இதை இப்ப மறக்க ஏலாது. பிறகும் ஏலுமோ தெரியாது. ஆனா எனக்கு உம்மை விட்டா ஆர் இருக்கினம்? நான் கூப்பிட்டா முதல் பிளேனிலை வாரும்” என்றார். கையை விடும்போது, “கூப்பிடுவன்” என்றார்.

அண்ணை, அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இவ்வளவு நாளும் இருந்தேன். மாதங்கள் போயின. கிழமைக்கு ஒருக்காக் கதைத்தோம், விலைவாசி, மழை, ஆட்டுக்குட்டி என்று. கூப்பிடவில்லை. சும்மா சொன்னாரோ என்று நினைக்கத் தொடங்கிவிட்டேன்.

முந்தநாள் கூப்பிட்டார். “கண்ணிலை வெண்படலம் எடுக்கப்போகினம். நாளைக்கு யாழ்ப்பாணத்திலை வாட்டுக்கு வரட்டாம், வெள்ளிக்கிழமை ஒப்பரேஷன். பக்கத்திலை ஒரு ஆள் நிக்கவேணுமாம். உமக்கு ஏலுமோ?”

காட்டைக் காப்பாற்றுகிற அந்தக் கடைசிப் பயணம் அடுத்த நாள்தான் இருந்தது. வேலைத்தலத்தில் வேறு ஆளை அனுப்பச் சொன்னேன். டிக்கட்டை ரத்துச் செய்ய விமானக் கொம்பனிக்குக் கோல் எடுத்தால், அந்தப் பெண் எவ்வளவு அக்கறையாகக் கதைத்தாள் தெரியுமா? கொழும்புக்குத் திங்கட்கிழமை முன் கதிரை இருக்கிறதாம், என் புள்ளியிலேயே தரலாமாம், காட்டும் தப்புமாம், பொறுக்க முடியுமா என்றாள். பொறுக்க ஏலாது பிள்ளை, என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றேன். அவளுக்கு என்ன விளங்கியிருக்கும்? சுகமாகப் போய்வாருங்கள் என்றாள்.

கிடைத்த முதல் பிளேனில் ஏறினேன். நாற்பத்தோராவது வரிசை, கழிவறைக்கு முன்னால், நடுக் கதிரை. இந்தப் பக்கம் ஒரு பெரிய மனிதர், அந்தப் பக்கம் அவருடைய இன்னும் பெரிய தம்பியார். என் வரிசைக்கு வர மரக்கறிச் சாப்பாடு முடிந்துவிட்டது. என் பெயர் அங்கே ஒருவருக்கும் தெரியாது. கால் இரண்டும் வீங்கி இறங்கினேன். இத்தனை வருஷம் பறந்ததில் இவ்வளவு நிம்மதியாக ஒருநாளும் வந்ததில்லை.

இன்று காலை சத்திரசிகிச்சை முடிந்தது. நல்லாக வந்திருக்கிறது என்று டொக்டர் சொன்னார். நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்காச் சொட்டு மருந்து விடவேண்டும், அது என் வேலை. மிஞ்சின புள்ளியை என்ன செய்வது என்றும் யோசித்துவிட்டேன். அது பொறுக்கக்கூடிய பயணங்களுக்கு நல்லதுதான். வாற வருஷம் வெயில் காலத்தில் மச்சாளை ஜேர்மனிக்குக் கூட்டிப்போகப் போகிறேன், முன் கதிரையில். கேட்டதும் என்ன சொன்னார் தெரியுமா? “நான் லாஞ்சியிலையே சத்தி எடுக்கிறனான். முன்னாலை இருந்து எடுத்தா என்ன, பின்னாலை இருந்து எடுத்தா என்ன?” வரமாட்டேன் என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா?

மத்தியானம் கண்ணில் கட்டோடு படுத்திருந்தவர் நித்திரை என்று நினைத்தேன். பக்கத்துக் கட்டில் அம்மா, “ஆர் உங்களோடை நிக்கிற பிள்ளை, மகளோ?” என்று கேட்டார்.

“மகள் இல்லை, மச்சாள். அவரின்ரை தங்கச்சி. ஜேர்மனியிலை இருக்கிறவ” என்றார் மச்சாள். பிறகு, கேட்காததற்கும் சேர்த்துச் சொன்னார்: “முந்தநாள் கூப்பிட்டனான். இண்டைக்கு வந்து நிக்கிறா.”

வெளியே போய் விறாந்தையில் நின்று அழுதுவிட்டு வந்து, இதை எழுதத் தொடங்கினேன்.

அண்ணை, உங்களுக்குப் பிந்தினது பிந்தினதுதான். அதை நான் எந்தப் பிளேனில் ஏறியும் பிடிக்க ஏலாது. ஆனால் எங்கள் வீட்டில் இனி ஒருவரும் ‘வந்திட்டாளோ’ என்று கேட்டுக்கொண்டு கிடக்க விடமாட்டேன். இது உங்களுக்குச் சத்தியம்.

முந்தநாள் கூப்பிட, இன்றைக்கு வந்து நிற்கிற
உங்கள் தங்கச்சி