ரோஜாச் செடியின் சுத்தபோசனம்

நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நிற்கும் பன்னீர் ரோஜாச் செடி இனிமேல் மீன் உண்ணாது என்று, ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் தீர்மானம் நிறைவேறியது. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் உன் மனைவி ஸ்டெல்லா, இந்தப் பக்கம் நான். செடி கருத்துச் சொல்லவில்லை. எதிர்த்து வாக்களிக்கக்கூடிய ஒரே ஆள் நீ. நீ இறந்து அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது. நம் நாட்டில் அது ஓட்டுப் போடாமல் இருக்கப் போதுமான காரணம் அல்ல என்று நீ சொல்லியிருப்பாய்.

இன்று காலையும் அந்த வாசனை வந்தது. கல்லுப்பும் மஞ்சளும் போட்டு மீன் அலசிய தண்ணீரின் வாசனை. ராயபுரத்தில் மீன் வாசனையை யாரும் தனியாகக் கவனிப்பதில்லை. காற்று என்றாலே அதுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த பிறகு, நனைந்த மண் வாடையோடு சேர்ந்து சுவர் ஓரமாக வந்தால், நீ அலுமினியச் சட்டியோடு நிற்கிறாய் என்று அர்த்தம். பழக்க தோஷம், செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு உன்னோடு சண்டை போட எழுந்தே விட்டேன்.

அந்தச் செடி வந்த கதை உனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், நீ குறுக்கே பேச முடியாத முதல் சந்தர்ப்பம் இது. மாதா கோயில் தேரில் கட்டியிருந்த ஒரு கிளையை, திருவிழா முடிந்ததும் உருவிக்கொண்டு வந்து உன் பக்கத்து மண்ணில் குத்தினாய். அது உன் மண்ணில் வேர் விட்டு, வெயிலைத் தேடி என் பக்கம் சாய்ந்து, என் வீட்டில் பூத்தது. பூ யாருக்கு என்று நாம் இருவரும் சட்டம் பேசினோம். நீ துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். சுமை எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பக்கத்தாருக்கே சொந்தம் என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் விடவில்லை.

"வேரு என்து, பூவு உன்துன்னா, முள்ளு யார்து மாமு?"

நான் ரோஜா வளர்ப்பு பற்றி ஒரு புத்தகம் வாங்கினேன். புதர் ரோஜாவுக்குக் கவாத்து முக்கியம், காய்ந்த கிளையை நறுக்க வேண்டும், வாடிய பூவைக் காம்போடு கிள்ள வேண்டும், உப்பு ஆகாது என்று அதில் போட்டிருந்தது. சுவர் மேல் புத்தகத்தை விரித்து வைத்து உனக்குப் படித்துக் காட்டினேன். நீ அட்டையைத் திருப்பிப் பார்த்தாய்.

"இது ஊட்டி ரோஜாவுக்குப் போட்ட புக்கு. அது ஸ்வெட்டர் போட்டுகினு கீற செடி. இது காசிமேட்டு ரோஜா. மீனு இல்லாம எப்டி நைனா வளரும்?"

நம் தெருவில் போர்வெல் தண்ணீரே உப்பு. அதன் மேல் கல்லுப்பு கரைந்த மீன் தண்ணீர். இலைகள் ஓரம் கருகிச் சுருண்டன. நீ அதற்கும் காரணம் வைத்திருந்தாய்: மணலி ஆலைகளின் புகைக் காற்று. காற்று அங்கிருந்து வீசிய மறுநாள், கிழிந்த பனியனை நனைத்து ஒவ்வோர் இலையாகத் துடைப்பாய். பிள்ளைக்கு முகம் கழுவிவிடுவது போல இருக்கும். அடியில் தெருப் பூனைகள் மண்ணைப் பறித்துக்கொண்டிருக்கும். அவை ரோஜாவுக்காக வரவில்லை என்று சொன்னால் உனக்குக் கோபம் வரும்.

ஆனால் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் வந்தால் கதையே வேறு. கறியும் மீனும் தொடாத அந்த விரதத்துக்கு உங்கள் வீட்டில் சுத்தபோசனம் என்று பெயர். மீனுக்குத் தடையில்லை என்று ஃபாதரே சொல்லியும் நீ ஏற்கவில்லை. திருச்சபையை விட நீ கொஞ்சம் கண்டிப்பானவன். சாம்பல் புதன் காலையில் நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து வருவாய். பாவம் செய்தவர்கள் பட்டியலில் செடியையும் சேர்த்துக்கொண்டு, கத்திரியை எடுத்துக் கிளைகளை முழங்கால் உயரத்துக்கு ஒட்ட வெட்டுவாய். தெருமுனை இஸ்திரிக்காரரின் பெட்டியிலிருந்து கரிச் சாம்பல் வாங்கி, அடியில் ஒரு கைப்பிடி தூவுவாய். அன்று முதல் வீட்டில் மீன் இல்லை. ஆகவே செடிக்கும் இல்லை. ஈஸ்டர் வாரத்தில் செடி முழுக்க மொட்டு வைக்கும்.

"பாத்தியா, விரதம் இருந்துச்சு, பூத்துச்சு."

"கவாத்து பண்ணினாய், உப்பை நிறுத்தினாய், பூத்தது."

"அத்த தான் நானும் சொல்றேன். நீ இங்கிலீஸ்ல சொல்ற."

நான் சொன்னது முழுக்கத் தமிழ். ஈஸ்டர் மதியமே வஞ்சிரம் வந்துவிடும். செடிக்கும் உயிர்ப்பு விழா விருந்து. வைகாசிக்குள் மறுபடி இலை கருகும். வருடாவருடம் இதே ஆராய்ச்சி, இதே முடிவு, இருவருக்கும் வெற்றி.

இந்த வருடம் ஈஸ்டர் பூக்களை நீ பார்த்தாய். சித்திரை வெயிலில் ஒருநாள் நெஞ்சு அடைக்கிறது என்றாய். ஆட்டோவில் ஏறும்போது "செடிக்குத் தண்ணி" என்று ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட்டுப் போனாய். அதுதான் விபரீதமாகிவிட்டது. எந்தத் தண்ணீர் என்று நீ சொல்லவில்லை. உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டில் மீன் சமைத்த அன்றிலிருந்து, ஒரு சொட்டு வீணாக்காமல் மீன் தண்ணீரை ஊற்ற ஆரம்பித்தாள். நீயாவது ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊற்றுவாய். அவள் கைப்பிடி சென்னாக்குன்னி இறால் அலசினால்கூடக் கொண்டுவந்து ஊற்றினாள்.

ஆடி பிறக்கும்போது ஒரே ஒரு கிளையில்தான் பச்சை மிச்சம். ஸ்டெல்லா சட்டியைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கிளையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவரு மாதிரியே தான் அண்ணே பாத்துக்கிறேன். இதுவும் அவரு பின்னாலயே பூடுமா?"

புத்தகம் உள்ளேதான் இருந்தது. உப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் செடி பிழைக்கும். ஆனால் நீ அத்தனை வருடம் செய்தது தப்பு, அவள் இந்த இரண்டு மாதம் செய்தது அதைவிடத் தப்பு என்று அந்த ஒரு வார்த்தைக்கு அர்த்தம். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கடவுள் நம்பிக்கையற்ற ஒருவனின் முழுக் கம்பீரத்தோடு சொன்னேன்:

"செடி துக்கத்துல இருக்கு தங்கச்சி. அவனோட வருஷ பூசை வரைக்கும் அதுக்குச் சுத்தபோசனம் வைக்கணும். மீன் தண்ணி கூடாது."

அவள் செடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நானே மீன் துண்ண ஆரம்பிச்சிட்டேன். கட்டினவளுக்கு இல்லாத துக்கம் இதுக்கு இன்னாத்துக்கு?"

"நீ வாய் விட்டு அழுதுட்ட. அது அழலையே."

 அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஆமாண்ணே. என்னிய ஒரு நாளாவது இப்டி துடைச்சி வுட்டிருப்பாரா? இத்த தான் துடைச்சிகினே கெடந்தாரு. இருக்கட்டும், இருக்கட்டும் விரதம்."

இருந்தாலும் ஃபாதரிடம் கேட்டுவிட்டுத்தான் செய்வேன் என்று போனாள். செடிகளின் விரதம் பற்றித் திருச்சபைச் சட்டம் எதுவும் சொல்லவில்லை, செடிக்கு விருப்பமிருந்தால் தடையில்லை என்று அவர் சிரிக்காமல் சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்த வெள்ளிக்கிழமையே அவள் இஸ்திரிக்காரரிடம் சாம்பல் வாங்கி வந்தாள். உன் கத்திரியை என் கையில் கொடுத்துவிட்டு, வெட்டும்போது கண்ணை மூடிக்கொண்டாள். நான் லாரியில் வந்த நல்ல தண்ணீரில் இரண்டு குடம் ஊற்றி மண்ணின் உப்பை அலசினேன். அதைத் தீர்த்தம் என்று அவளாக நினைத்துக்கொண்டாள். ஆவணியில் சிவப்பாகத் துளிர் வந்தது. புரட்டாசியில் என் பக்கம் பூத்தது. முதல் பூவைச் சுவருக்கு மேல் நீட்டினேன். உன் படத்துக்கு வைப்பாள் என்று நினைத்தேன்; மோந்து பார்த்துவிட்டுத் தலையில் வைத்துக்கொண்டாள். "அவரு இன்னா, வந்து கேக்கப் போறாரா?" என்று சிரித்தாள்.

எனக்கு உன்னிடமிருந்து மிஞ்சியது கிழிந்த பனியனும் ஒரு பொய்யும். காற்று மணலிப் பக்கமிருந்து வீசினால் மறுநாள் இலை துடைக்கிறேன். தெருவில் போகிறவர்கள், பட்டுப்போன செடி எப்படிப் பூத்தது என்று கேட்கிறார்கள். விரதம் இருந்தது என்கிறேன். கவாத்து, உப்பு என்று விளக்கத் தொடங்கினால் "அத்த தான் நானும் சொல்றேன்" என்று உன் குரலில் பதில் வருகிறது. 

மீன் தண்ணீரைச் சாக்கடையில் கொட்ட ஸ்டெல்லாவுக்கு மனம் வரவில்லை. "உங்க வூட்டு செடிக்கு துக்கம் இல்லியே அண்ணே" என்று, நன்றிக்கடனாக, சுவருக்கு மேல் கையை நீட்டி எங்கள் கறிவேப்பிலைக்கு ஊற்றி வருகிறாள். கறிவேப்பிலையை இப்போது நாங்கள் கடையில் வாங்குகிறோம்.