பந்த் அன்று திறந்த கடை

டாலிகஞ்ச்,
பிப்ரவரி 3

சிரஞ்சீவி அனந்துக்கு அக்கா வத்சலாவின் ஆசீர்வாதம்.

நான் சௌக்கியம். முழங்கால் மட்டும் அதன் இஷ்டப்படி நடந்துகொள்கிறது. ஆறு மாதம் கழித்து ஒரு கடிதம் போடுகிறாய், அதிலும் முக்கால்வாசி உன் டிவி புராணம். போனில் பேசலாமே என்று ஆரம்பிக்காதே. என் இடது காது போனதிலிருந்து நீ சொல்வதில் பாதி என் காதில் விழுவதில்லை. மீதிக்கு நீயே "சரி, சரி" என்று வைத்துவிடுகிறாய்.

உன் 'ஊர் ஊராய் ஒரு வாய்' சாப்பாட்டு நிகழ்ச்சி நாம் வளர்ந்த இந்த வங்காள ஊருக்கு வருவதில் சந்தோஷம்தான். ஆனால் இப்போது வேண்டாமடா. தேர்தல் முடிந்ததிலிருந்து இங்கே எதுவும் சரியில்லை. போன வாரம் ஊர்வலத்தில் இரண்டு பேர் செத்தார்கள். கிடர்பூர் பக்கம் பஸ்ஸைக் கொளுத்தினார்கள். எந்தக் கொடி எந்தத் தெருவில் என்று பார்த்துத்தான் காய்கறிக்கே போகிறேன்.

நல்ல கடை எது என்று கேட்டிருக்கிறாய். இதென்ன கேள்வி? நம் சந்தில் எல்லாருக்கும் சித்தி மாதிரி இருக்கிற மினதி மாசி கடைதான். உள்ளே பட்டாணி அரைத்து வைத்துப் பொரித்த அந்தக் கொசூரிக்காக ஸ்கூல் பையோடு நீ நின்ற நாளெல்லாம் மறந்துவிட்டதா? உன் அத்திம்பேர் படுக்கையில் கிடந்த எட்டு மாதமும், கடை திறக்குமுன் ஒரு தொன்னையில் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவாள். "எப்படி இருக்கார்?" என்று ஒரு நாள் கேட்டதில்லை. எல்லாரும் கேட்டுக் கேட்டு என்னை அழவைத்த சமயத்தில் அதுதான் பெரிய உபகாரமாக இருந்தது.

ஊர் அடங்கட்டும், அப்புறம் வா. நீயே வா.

அக்கா வத்சலா

சென்னை,
பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு அனந்த் நமஸ்காரம்.

தேதியை மாற்றச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தேன். மேலே யாரும் கேட்கவில்லை. இந்த எபிசோடும் போனால் நிகழ்ச்சியையே மூடிவிடுவார்கள். குழு பதினேழு மாலை வந்து பதினெட்டு மாலை கிளம்புகிறது. எடிட்டிங் இருப்பதால் நான் வரவில்லை, திட்டாதே. நிகழ்ச்சி நடத்துகிற சிவராஜ் நல்ல பிள்ளை.

பதினெட்டு அன்று பந்த் என்று செய்தியில் பார்த்தேன். எங்களுக்கு அந்த ஒரு காலைதான் இருக்கிறது. மாசியிடம் நீ பேச வேண்டும். நீ சொன்னால் தட்டமாட்டாள். காலை ஆறு மணிக்கு, தெரு எழுந்திருக்குமுன், ஒரே ஒரு மணி நேரம். பந்த் என்ற பேச்சே நிகழ்ச்சியில் வராது. அம்மா மேல் சத்தியம்.

உன் தம்பி
அனந்த்

டாலிகஞ்ச்,
பிப்ரவரி 19

சிரஞ்சீவி அனந்துக்கு ஆசீர்வாதம்.

நீ கேட்டதை முடித்துக் கொடுத்துவிட்டேன்.

பந்த் என்றால் இந்தச் சந்தில் மருந்துக்கடை தவிர ஒரு கதவு திறக்காது என்று உனக்குத் தெரியும். திறந்தவன் யார் என்று தெரு க்ளப்பில் கட்சிப் பையன்கள் குறித்து வைத்துக்கொள்வார்கள். அந்தக் காலத்தில் திட்டோடு போகும். இப்போது அப்படியில்லை. மாசியிடம் கேட்டபோது துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "முப்பது வருஷத்துல பந்த் அன்னிக்கு நான் அடுப்பு மூட்டினதில்ல, மா. நீ கேக்கறே, மூட்டறேன்" என்றாள். பாதி ஷட்டரைத் தூக்கி வைத்துக்கொண்டு பொரித்தாள். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. கடைசியில் உன் நல்ல பிள்ளை கேமராவைப் பார்த்து, "ஊரே பந்த்ல அடைச்சுக் கிடக்கு நேயர்களே! ஆனா நமக்காக மினதி மாசி மட்டும் அடுப்பை மூட்டிட்டாங்க!" என்று கத்தினான். அவளுக்குத் தமிழ் எங்கே புரியும்? தன்னைப் புகழ்கிறான் என்று தலையை ஆட்டிச் சிரித்தாள்.

அந்த வரியை வெட்டிவிடு. எழுத்தில் கேட்கிறேன், அப்புறம் காதில் விழவில்லை என்று சொல்லாதே. பந்த் பேச்சே வராது என்று அவளுக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அக்கா வத்சலா

சென்னை,
பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம்.

எபிசோட் பிரமாதமாக வந்திருக்கிறது. மாசியின் கையையும் அந்த அடுப்பையும் பார்த்தபோது ஸ்கூல் பையோடு நின்ற நாளெல்லாம் ஞாபகம் வந்தது. ஆபீஸில் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

நீ சொன்ன வரியைப் பற்றி: அதை வெட்டினால் எபிசோடில் உயிரே இல்லை என்கிறார்கள். யோசித்துப் பார், தமிழில்தானே சொல்கிறான்? அந்தச் சந்தில் உன்னைத் தவிர யாருக்குப் புரியப்போகிறது? வீணாகக் கவலைப்படாதே. வழக்கம்போல கடைசியில் கடை முகவரியும் போடுகிறோம், நேயர்கள் தேடிப் போய்ச் சாப்பிடுவார்கள். மாசிக்கு வியாபாரம்தான். மூன்றாம் தேதி இணையத்தில் முன்னோட்டம் வருகிறது, பார்.

உன் தம்பி
அனந்த்

டாலிகஞ்ச்,
மார்ச் 12

அனந்துக்கு,

மினதி மாசி இன்று காலை ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாள்.

உன் முன்னோட்டம் வந்த இரண்டாம் நாள், காலை பதினோரு மணிக்கு க்ளப்பிலிருந்து ஏழெட்டுப் பேர் கடைக்கு வந்தார்கள். எல்லாரையும் எனக்கு முகம் தெரியும். அவள் கையால் தின்றவர்கள்தான். ஒருவன் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, "இது நீதானே?" என்று கேட்டான். அவள் சிரித்தாளாம். டிவியில் வந்துவிட்டோம் என்று காட்ட வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாளாம். பெஞ்சை உதைத்தார்கள், அடுப்பு வைத்த மேசையைத் தள்ளினார்கள். கொதித்துக்கொண்டிருந்த எண்ணெய்ச் சட்டி அவள் மடியில் சாய்ந்தது.

தமிழ் யாருக்குப் புரியும் என்றாயே. முன்னோட்டத்தில் சிவராஜ் பேசப் பேசக் கீழே வங்காளியில் எழுத்து ஓடுகிறது. பந்த், அடுப்பு, ஒன்று விடாமல்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போலீஸ்காரர் ஒருவர் வந்து, யார் சொல்லிக் கடையைத் திறந்தாய் என்று கேட்டார். "யாரும் சொல்லல. நானேதான் திறந்தேன்" என்றாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை அனந்து. பயந்துவிட்டேன்.

எபிசோடை ஒளிபரப்பாதே. முன்னோட்டத்தையும் எடுத்துவிடு.

வத்சலா அக்கா

சென்னை,
மார்ச் 17

அன்புள்ள அக்கா,

கடிதத்தைப் படித்தேன். இப்படி ஆகும் என்று யார் கண்டது? வங்காளி எழுத்து யார் போட்டது என்று ஆபீஸில் விசாரிக்கிறேன். எங்கே தவறு நடந்தது என்று தெரியவில்லை.

உன் கடிதம் கைக்கு வருமுன்பே ஞாயிறன்று எபிசோட் ஒளிபரப்பாகிவிட்டது. இணையத்திலும் போட்டுவிட்டார்கள், இனி எடுப்பது என் கையில் இல்லை. தொடக்கத்தில் மாசிக்கு அஞ்சலி என்று ஒரு கறுப்பு அட்டை சேர்க்க மேலே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவளுடைய நல்ல புகைப்படம் ஒன்று இருந்தால் அனுப்புகிறாயா? நீ உன்னை நொந்துகொள்ளாதே. கொன்றது நாம் இல்லை.

அனந்த்

டாலிகஞ்ச்,
ஏப்ரல் 6

அனந்த்,

ஆபீஸில் யாரையும் விசாரிக்க வேண்டாம். அந்த எழுத்தை நான் மறுபடி மறுபடி நிறுத்திப் படித்தேன். சிவராஜ் சொன்னது வெறும் "மினதி மாசி". எழுத்தில் "நம்ம பாடா மாசி" என்று இருக்கிறது. நம் தெரு மாசி. சென்னையில் அந்தக் கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டு அவளை அப்படி எழுத ஒருவனுக்குத்தான் வரும். இந்தத் தெரு ஸ்கூலில் வங்காளி படித்தவன். பாசத்தோடுதான் எழுதியிருக்கிறாய், அது எனக்குத் தெரிகிறது. அதனால்தான் இன்னும் தாங்கவில்லை. அம்மா மேல் செய்த சத்தியத்தை மீறினாய், சரி. ஆனால் "விசாரிக்கிறேன்" என்று என்னிடமே எழுத உனக்கு எப்படியடா மனசு வந்தது?

மாசியின் காரியம் முடிந்த மறுநாள் அவள் பெண் ஜும்பாவிடம் போனேன். திறக்கச் சொன்னது நான், கேட்டது என் தம்பி என்று சொன்னேன். அவள் அழவில்லை, ஏசவில்லை. நான் கொண்டுபோன பழத்தட்டை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். புகைப்படம் கேட்டிருந்தாய். எந்த முகத்தோடு அவளிடம் கேட்பேன்?

நீங்கள் போட்ட முகவரி இன்னும் அப்படியேதான் ஓடுகிறது. நேற்று ஒரு குடும்பம் போனைக் கையில் வைத்துக்கொண்டு சந்தில் தேடிக்கொண்டிருந்தது. மதுரைக்காரர்கள். நான் தமிழ் என்று தெரிந்ததும் அந்த அம்மாளுக்கு ஏக சந்தோஷம். "மினதி மாசி கடை எங்கேங்க? பந்த் அன்னைக்குக்கூட நமக்காகத் திறந்தாங்களே, அவங்க கடைங்க" என்றாள். கூட்டிப் போனேன். மூடின ஷட்டரையும் தரையில் இன்னும் போகாத எண்ணெய்க் கறையையும் பார்த்துவிட்டு, "இன்னைக்கு லீவுங்களா?" என்று கேட்டாள்.

சொன்னேன். அந்தக் கறையின் பக்கத்தில் நின்றுகொண்டு முழுவதும் சொன்னேன். என் பெயரைச் சொன்னேன், உன் பெயரையும் சொன்னேன். அவர்கள் குழந்தை கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். முகவரியை நீ எடுக்கிறவரை இங்கே வருகிற ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்வேன். என் காதுதான் போயிருக்கிறது, வாய் போகவில்லை.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். வந்தாலும் பிரிக்கமாட்டேன்.

வத்சலா